நகம் கீறினால் கேட்கும் கணினி

ஒரு சீப்பை எடுத்து அதன் பற்களின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். வேகமாக இழுத்தால் அது கீச்சென்று ஏறும், மெதுவாக இழுத்தால் கட்டைக்குரலாகத் தணியும். பேன் சீப்பில் இழுத்தால் வேறொரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது தலைவாரும் சீப்பு, எது பேன் சீப்பு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நம் காதுக்கு இவ்வளவு சுலபமாகப் பிடிபடும் வித்தியாசத்தைக் கணினிக்கும் கற்றுக்கொடுக்கலாமே என்று சில ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டால் சுவர், மேசை, சட்டைத் துணி எல்லாமே கணினிக்குக் கட்டளையிடும் பொத்தான்களாகிவிடும். அந்தப் பொத்தானுக்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

கணக்கு எளிது. சீப்பின் பற்கள் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, நகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் நகம் 100 பற்களைத் தட்டிவிட்டுப் போகும். அதாவது 100 ஹெர்ட்ஸ் அதிர்வு. வேகம் இரட்டித்தால் 200 ஹெர்ட்ஸ். பற்களின் நெருக்கம் இரட்டித்தாலும் 200 ஹெர்ட்ஸ்தான். பரப்பின் சொரசொரப்பு எப்படிப்பட்டது, விரல் எப்படி நகர்ந்தது என்ற இரண்டு செய்திகளும் அந்த ஒரே அதிர்வுக்குள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் இந்தத் துறையின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது.

மனித விரல் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. பட்டுக்கும் பருத்திக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய நாம் துணியைச் சும்மா தொடுவதில்லை, விரலால் தேய்த்துப் பார்க்கிறோம். நுண்ணிய சொரசொரப்பை உணர அசைவு வேண்டும், அந்த அசைவில் பிறக்கும் அதிர்வே அதை விரலுக்குச் சொல்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 2009இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் செயற்கை விரல்நுனி ஒன்றைச் செய்து, அதில் கைரேகை போன்ற வரிகளை இட்டும் இடாமலும் சோதித்தார்கள். வரிகள் இருந்தபோது குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட அதிர்வு பெரிதாகியது. நம் கைரேகைகளுக்கு இடையே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. வழக்கமான வேகத்தில் விரல் எதையாவது வருடும்போது அந்த வரிகளால் எழும் அதிர்வு 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். தோலின் ஆழத்தில் அதிர்வை உணர்வதற்கென்றே இருக்கும் பாசினி நுண்ணுறுப்புகள் மிகக் கூர்மையாக விழித்திருப்பதும் அதே எல்லையில்தான். ஸ்டாக்ஹோமில் 2013இல் நடந்த இன்னொரு ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பையும் சுருக்கமே இல்லாத பரப்பையும் விரலால் வேறுபடுத்த முடிந்தது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர்.

இவ்வளவு நுட்பமான கருவி ஒவ்வொருவர் கையிலும் பத்து இருக்கிறது. அவற்றைக் கண்ணாடி போன்ற வழவழப்பான திரையில் தேய்ப்பதற்கு மட்டுமே நாம் பழக்கிவைத்திருக்கிறோம்.

விரல் மட்டுமல்ல, கார் டயரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. டென்மார்க்கின் கில்லிங் ஊரருகே 1995இல் இரண்டு கலைஞர்கள் சாலையில் சிறு மேடுகளை வரிசையாகப் பதித்து, அதன்மேல் ஓடும் கார் இசை எழுப்பும்படி செய்தார்கள். மேடுகள் நெருங்கினால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து லான்காஸ்டர் நகரில் ஹோண்டா நிறுவனம் ஒரு விளம்பரத்துக்காக இப்படியொரு சாலையை அமைத்தது. 'வில்லியம் டெல்' இசைநாடகத்தின் முகப்பு இசை ஒலிக்க வேண்டும். ஒலித்தது, ஆனால் சுரங்கள் பிசகின. பக்கத்தில் குடியிருந்தவர்கள் இரவெல்லாம் தூக்கமில்லை என்று புகார் செய்ததால் சில வாரங்களிலேயே அதன்மேல் தார் போட்டு மூடி, வீடுகள் இல்லாத வேறோர் இடத்தில் மறுபடி அமைத்தார்கள். பள்ளங்களை வெட்டுவதில் வரும் சின்னப் பிசகும் வண்டியின் வேகத்தில் வரும் மாற்றமும் செய்தியைக் கெடுத்துவிடும். கணினி ஆய்வகங்களில் இருந்தவர்களும் இதே இரண்டு பிரச்சினைகளோடு மல்லுக்கட்டினார்கள்.

2008 ஏப்ரலில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், மனிதரும் கணினியும் உறவாடும் முறைகளை ஆராயும் பன்னாட்டு மாநாடு நடந்தது. அங்கே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடெரிக் மரே-ஸ்மித், ஜான் வில்லியம்சன் ஆகியோர் தங்கள் சகாக்களுடன் 'ஸ்டேன்' என்ற கருவியை முன்வைத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி அது. அதன் உடலெங்கும் இடத்துக்கு இடம் வெவ்வேறு சொரசொரப்பு. ஒரு பக்கத்தை விரலால் தேய்த்தால் ஒரு கட்டளை, இன்னொரு பக்கத்தை நகத்தால் கீறினால் வேறொரு கட்டளை, தட்டினால் மற்றொன்று. எந்த இடம் தேய்க்கப்பட்டது என்பதை உள்ளே இருக்கும் தொடு-மைக் பிடித்த அதிர்வைக் கொண்டே மென்பொருள் கண்டுபிடித்துவிடும். பாட்டு கேட்கும் கருவியை இதைக் கொண்டு இயக்கிக் காட்டினார்கள்.

தொடு-மைக் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய வட்டத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பீசோ தகடு என்பார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து பாடும். அதையே ஒரு பொருளின்மேல் அழுத்தி ஒட்டிவிட்டால், அந்தப் பொருள் அதிரும்போதெல்லாம் தகடு மின்சாரத்தைக் கொடுக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் இந்தக் குணத்தை பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். காற்றில் வரும் பேச்சுச் சத்தத்தை இந்தத் தகடு பெரிதாகக் கண்டுகொள்ளாது, தான் ஒட்டியிருக்கும் பொருளுக்குள் ஓடும் அதிர்வையே கேட்கும்.

ஸ்டேனில் மெச்சத்தக்கது செலவுக் கணக்குதான். சாதாரணமாக ஒரு கருவியில் பத்து பொத்தான் வேண்டுமென்றால் பத்து சுவிட்ச், பத்து இணைப்பு, ஒவ்வொன்றும் கெட்டுப்போவதற்கு ஒரு வாய்ப்பு. இங்கே பொத்தான்கள் பிளாஸ்டிக் வார்ப்பின் வடிவத்திலேயே இருக்கின்றன. அச்சில் வார்க்கும்போதே வரிகளும் மேடுகளும் வந்துவிடும். உள்ளே கேட்கும் மைக் எல்லாவற்றுக்கும் பொது. மேல் ஓட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் கருவிக்குப் புதிய பொத்தான் வரிசை கிடைத்துவிடும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. கணினி கேட்கும் அதே அதிர்வை விரலும் உணர்கிறது. தான் தேய்ப்பது எந்தப் பக்கம் என்று பயனருக்குப் பார்க்காமலே தெரியும். கருவியைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே 2008 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து இன்னும் துணிச்சலான ஒரு யோசனை வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாரிசனும் ஸ்காட் ஹட்சனும், சொரசொரப்பைத் தனியாக ஏன் செய்ய வேண்டும், உலகமே சொரசொரப்பாகத்தானே இருக்கிறது என்றார்கள். மரம், துணி, சுவரில் பூசிய பெயிண்ட் எதில் நகத்தை இழுத்தாலும் ஒரு கீறல் சத்தம் உண்டு. காற்றில் அது சில அடி தூரத்திலேயே மங்கிவிடும். மரத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் நன்றாகவே பயணிக்கும். அதைப் பிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை. அதோடு சின்ன மைக் ஒன்றை இணைத்துச் சுவரில் பொருத்தினார்கள். ஸ்டெதாஸ்கோப்பின் அமைப்பே அறையின் இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டுத் தொட்ட பொருளின் சத்தத்தை மட்டும் கேட்பதற்கானது. அதையும் தாண்டி வரும் பேச்சையும் காலடி ஓசையையும் தள்ளிவிட, 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். நகக் கீறலின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

சுவரில் நகத்தால் 'W' என்ற ஆங்கில எழுத்தை எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோடு இறங்கும்போது விரல் வேகமெடுக்கிறது, சத்தம் உயர்கிறது. மூலைக்கு வந்ததும் திரும்புவதற்காக விரல் ஒரு கணம் தயங்குகிறது, சத்தம் அடங்குகிறது. மறுபடி ஏறும்போது உயர்கிறது. கணினித் திரையில் பார்த்தால் நான்கு குன்றுகள் வரிசையாக நிற்கும். ஒரு கோடு இழுத்தால் ஒரு குன்று, இரண்டு இழுத்தால் இரண்டு, தட்டினால் ஊசி போல ஒரு முனை. கணினி பார்ப்பது இவ்வளவுதான். விரல் எந்தத் திசையில் போனது, சுவரின் எந்த மூலையில் எழுதியது என்று அதற்குத் தெரியாது. 'W'வைத் தலைகீழாக்கி 'M' என்று எழுதினாலும் அதே நான்கு குன்றுகள்தான் வரும்.

இந்தக் குறையோடேயே அவர்கள் ஆறு சைகைகளைத் தேர்ந்தெடுத்துப் பலரிடம் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பயிற்சி. சுமார் 90 சதவீதம் சரியாக வந்தது. பத்தில் ஒன்று தவறும் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. பாட்டை மாற்றுவதற்கு இது போதும். மருத்துவமனைக் கருவிக்கோ கார் ஓட்டுவதற்கோ போதாது.

கீறலிலேயே எழுத்தை ஒளித்துவைக்கும் வித்தை பொம்மைக் கடைக்காரர்களுக்கு முன்பே தெரியும். வெளிநாடுகளில் பிறந்தநாள் பலூனோடு ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டித் தருவார்கள். நாடாவின் ஒரு பக்கம் நெடுக நுண்ணிய வரிகள். பலூனைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தை நாடாவின் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தால், பலூன் கரகரத்த குரலில் 'ஹேப்பி பர்த்டே' என்று சொல்லும். மின்சாரமே இல்லாத ஒலிநாடா அது.

ஹாரிசன், ராபர்ட் ஷியாவ், ஹட்சன் மூவரும் 2012இல் கொண்டுவந்த 'ஒலி பார்கோடு' இந்த வரிசையில் அடுத்த படி. கடையில் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஸ்கேனர் கண்ணால் படிக்கிறது. இங்கே கோடுகளுக்குப் பதில் பள்ளங்கள். நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் 'டக் டக்-டக் டக்' என்று வரும் தொடரைக் கணினி எண்ணாக மாற்றிக்கொள்ளும். லான்காஸ்டர் சாலையைச் சுற்றிய வேகப் பிரச்சினையை இங்கே அவர்கள் எதிர்கொண்டாக வேண்டியிருந்தது. ஒருவர் சரேலென இழுப்பார், இன்னொருவர் நிதானமாக இழுப்பார். இழுக்கும்போதே பாதியில் வேகம் மாறும். பள்ளங்களின் இடைவெளி விகிதம் மாறாது என்பதை வைத்து, இந்த வேக மாற்றங்களைச் சரிசெய்து படிக்கும் முறையை வகுத்தார்கள். பிளாஸ்டிக், மரம், கண்ணாடி, கல் என்று எதிலும் இதைச் செதுக்கலாம். மை அழியும், ஸ்டிக்கர் உரியும் என்ற கவலை கிடையாது.

மூன்றாண்டு கழித்து பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வால்கிரி சாவேஜும் அடோபி நிறுவன ஆராய்ச்சியாளர்களும் 'லாமெல்லோ' என்பதைச் செய்தார்கள். 3டி பிரிண்டரில் அச்சிட்ட திருகு, நெம்புகோல், நகர்த்தி ஆகியவற்றுக்குள் நீளம் வேறுபட்ட பற்கள் இருக்கும். திருகைத் திருப்பும்போது அவை ஒவ்வொன்றாக மீட்டப்படும். எந்தப் பல் எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் என்பதை அதன் நீளத்திலிருந்தே முன்கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். அதனால் கணினியை உட்கார்த்திவைத்து நூறு முறை பழக்க வேண்டிய அவசியம் இல்லை. வடிவமைப்பவர் வரைபடத்தைக் கொடுத்தாலே போதும்.

இத்தனை இருந்தும் கடைகளில் இப்படியொரு கருவியை ஏன் காணோம் என்ற கேள்வி நியாயமானது. காலம் ஒரு காரணம். ஸ்டேன் வெளிவந்த 2008, ஐபோன் விற்பனைக்கு வந்து ஓராண்டுகூட முடியாத நேரம். தொழில் உலகம் மொத்தமும் கண்ணாடித் திரையின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் வசதியைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே பரப்பில் எந்தப் பொத்தானையும் வரைந்துகொள்ளலாம், வேண்டாதபோது அழிக்கலாம். பள்ளத்தை ஒருமுறை செதுக்கினால் செதுக்கியதுதான். அதில் அழுக்கு சேரும், நாளடைவில் தேயும். நகம் ஒட்ட வெட்டியவருக்குக் கீறல் சரியாக எழாது. பலகையில் நகம் கீறும் சத்தம் கேட்டாலே உடம்பு கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். மேசையை யாராவது தற்செயலாக உராய்ந்தாலும் கட்டளை போய்விடும் என்ற தொல்லை வேறு.

அதிர்வைக் கேட்கும் கருவி எதைக் கேட்க வேண்டும் என்பதும் சிந்திக்க வேண்டிய விஷயம். 2011இல் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் மேசையில் கீபோர்டுக்கு அருகே வைத்த ஸ்மார்ட்போனின் அசைவுமானியைக் கொண்டு, பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்த சொற்களை 80 சதவீதம் வரை மீட்டெடுத்துக் காட்டினார்கள். மைக்கைத் தொடவே இல்லை. மேசையில் பரவிய நடுக்கம் போதுமானதாக இருந்தது. சுவரையும் மேசையையும் கேட்க வைக்கப் புறப்படுகிறவர்கள் இந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. கேட்டதைக் கருவிக்குள்ளேயே அலசி உடனே அழித்துவிட வேண்டும் என்று கறாராக வடிவமைத்தால்தான் மக்கள் இதை வீட்டுக்குள் விடுவார்கள்.

ஆனாலும் யோசனை முடங்கிவிடவில்லை. 2016இல் கார்னகி மெலனின் கியராட் லாபுட்டும் சகாக்களும் கடையில் விற்கும் ஒரு ஸ்மார்ட் வாட்சின் மென்பொருளை மாற்றினார்கள். நொடிக்கு 100 முறை அளந்துகொண்டிருந்த அசைவுமானி 4,000 முறை அளக்கத் தொடங்கியது. அவ்வளவுதான், விரல் சொடுக்குவது, கையைச் சொறிவது, பிடித்திருக்கும் மின்கருவி எது என்பதெல்லாம் அந்த வாட்சுக்குத் தெரிய ஆரம்பித்தது. புதிய பாகம் எதையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே கையில் கட்டியிருந்த கருவிக்குக் காது திறந்துவிட்டார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் யாருக்கு மிக அவசரமாகத் தேவை என்று கேட்டால், பார்வையற்றவர்களுக்கு என்றே சொல்ல வேண்டும். சொரசொரப்பில் செய்தி வைப்பது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். புதிய 100 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகளும் 500 ரூபாய் நோட்டில் ஐந்து கோடுகளும் மேடாக அச்சிடப்பட்டிருப்பது அவர்கள் விரலுக்காகத்தான். கண்ணாடித் திரை அவர்களுக்குத் தடவிப் பார்க்க எதையும் கொடுப்பதில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் இருந்தாலும், பொத்தான் எங்கே என்று விரல் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

2016இல் நியூயார்க்கின் கார்னெல் டெக் ஆராய்ச்சியாளர்கள் லெய் ஷி, ஷிரி அசென்காட் ஆகியோரின் குழு இதற்கொரு வழி காட்டியது. பார்வையற்ற மாணவர்களுக்கு 3டி பிரிண்டரில் அச்சிட்ட மாதிரிகள் பெரிய வரம். ஒரு செல்லின் உள்ளமைப்பையோ ஒரு கண்டத்தின் வடிவத்தையோ கையால் தடவிப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தடவும் பாகத்தின் பெயர் என்ன என்பதை யார் சொல்வது? பிரெய்ல் எழுத்துகளைப் பதிக்கலாம். அதற்கு இடம் நிறைய வேண்டும், ஓரிரு சொல்லுக்கு மேல் கொள்ளாது, பிரெய்ல் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். இந்தக் குழு மாதிரியின் ஒவ்வொரு பாகத்திலும் சின்னதாக ஒரு வரிப்பட்டையை மாதிரியோடு சேர்த்தே அச்சிட்டது. மேடுகளின் அமைப்பு பட்டைக்குப் பட்டை வேறு. மாணவர் ஒரு பாகத்தைத் தடவிக்கொண்டே வந்து அங்குள்ள பட்டையை விரலால் மீட்டுகிறார். பக்கத்தில் இருக்கும் ஸ்மார்ட்போன் செயலி அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு, அந்தப் பாகத்தைப் பற்றிய விளக்கத்தைப் பேசுகிறது. மாதிரிக்குள் சில்லும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. கை மாதிரியை விட்டு விலகவே வேண்டாம்.

சத்தத்தைக் கண்டுபிடிக்க ஃபோனின் சாதாரண மைக்கையே நம்பியிருப்பதால் வகுப்பறை இரைச்சல் இதற்குச் சோதனைதான். அந்தப் பட்டையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அழுத்தத்தில் மீட்டுவதும் அப்படியே. இரண்டுமே பொறியாளர்கள் உட்கார்ந்தால் தீர்க்கக்கூடியவை. செலவு மிகுந்த பகுதியான ஸ்மார்ட்போன் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 3டி பிரிண்டர்கள் நம் ஊர் பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் ஆய்வகங்களில் இருக்கின்றன. பட்டையில் இருக்கும் மேடுகளுக்கு மொழி கிடையாது. மொழி முழுவதும் செயலிக்குள் பதிந்த விளக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்துக்காக அச்சிட்ட அதே செல் மாதிரிக்கு, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, செல் சவ்வு என்று தம் குரலில் தமிழில் பதிந்து கொடுத்தால், அது தமிழில் பாடம் சொல்லும்.